டப்பாப் பால் வந்த வீடு

அந்த டப்பா வீட்டுக்குள் வந்து ஒரு வாரம் ஆகிறது. வந்த அன்றே டிரைவரம்மா ஒரு சட்டம் போட்டுவிட்டாள் என்பது போன வாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். "கலக்கறது, ஆத்தறது, புட்டி கழுவறது எல்லாம் உங்க பாடு. அந்த டப்பாவை என் கண்ணுல மட்டும் காட்டாதீங்க."

படிக்காதவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிரைவரம்மா என்பது டெப்போவில் வைத்த பெயர். நடுவில் மடிந்து திரும்பும் நீளமான பேருந்தை, சந்தைக்குப் பின்னால் இருக்கிற குறுகலான திருப்பத்தில் ஒரு கீறல் இல்லாமல் ஒடித்து எடுக்கிறவள் என்பதால் கிடைத்த மரியாதை. கணவனும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறான், பாதி கேலியாக, பாதி பெருமையாக.

அவன் பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறவன். ஒரு சொட்டு கூடினாலும் அது வேறு நிறம் என்று அடித்துச் சொல்வான். அவனுடைய அப்பா வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தே தலை நரைத்தவர். தெருவுக்கே அவர் பெயிண்டர்தான். பேரன் பிறந்ததும் கையில் இருந்த வேலையை இன்னொருவருக்குத் தள்ளிவிட்டு, "இவ வேலைக்குப் போற அன்னிலேர்ந்து குழந்தையை நான் பாத்துக்கறேன்" என்று பெட்டியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். பேரனுக்குக் குண்டு என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

பிறந்தபோது பொருத்தமான பெயர்தான். அதற்கப்புறம்தான் சிக்கல் ஆரம்பித்தது. குண்டுக்கு எடை ஏறவில்லை. "முதல்ல தாய்ப்பால் குடுங்க. அது முடிஞ்சதும் கொஞ்சம் டப்பாப் பால். ஒரு வாரம் பாப்போம்" என்றார் நர்ஸம்மா. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். டிரைவரம்மாவுக்கு யாரோ லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டதுபோல இருந்தது.

அந்த ஒரு வாரம் இன்று காலையோடு முடிந்தது.

*

ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் தட்டில் குண்டு கையைக் காலை உதறிக்கொண்டு கிடந்தான். டிரைவரம்மா எண்ணைப் பார்க்கவில்லை, நர்ஸம்மாவின் முகத்தைத்தான் பார்த்தாள். அந்த முகம் கொஞ்சமும் மலரவில்லை.

"ஏறியிருக்கு. ஆனா நான் எதிர்பாத்ததுல பாதிகூட இல்ல" என்றார் நர்ஸம்மா. "டப்பாப் பால் எப்படிக் கலக்கறீங்க, சொல்லுங்க பாப்போம்."

இந்தக் கேள்விக்காகத்தான் ஒரு வாரமாகக் காத்திருந்தவன் மாதிரி கணவன் நிமிர்ந்தான்.

"காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அன்னிக்கு வேண்டியதைக் கலந்து வச்சிடுவேங்க. கொதிச்ச தண்ணி முதல்ல, புட்டியில இருக்கற கோடு பாத்து. குனிஞ்சு, கண்ணுக்கு நேரா வச்சுப் பாக்கணும். அப்புறம் பவுடர். டப்பாவோட வந்த கரண்டிதான், அமுக்கக் கூடாது, கத்தியால தலை தட்டணும். ஆறினதும் ஃப்ரிட்ஜ். மறுநாளைக்கு வச்சுக்க மாட்டேன்."

"கலர் கலக்கறவர் மாதிரி சொல்றீங்களே."

"கலர்தாங்க கலக்கறேன்."

நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப கலக்கறதுல தப்பில்ல. குடிக்கிறானா?"

"ஒரு சொட்டு மிச்சம் வைக்கறதில்ல. அப்பாதான் குடுக்கறார்."

"தாய்ப்பால்?"

இப்போது டிரைவரம்மா பேச வேண்டியிருந்தது. "வாய் வைக்கிறான். ரெண்டு இழுப்பு இழுத்துட்டுத் தூங்கிடறான். முன்னாடி அப்படி இல்ல, நல்லா இழுப்பான்."

நர்ஸம்மா பேனாவால் மேசையைத் தட்டினார். எங்கேயோ கணக்கு இடிக்கிறது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "இன்னும் ரெண்டு மூணு நாள் பாப்போம். அப்பவும் ஏறலன்னா இங்கேயே சேத்துக்கிட்டு, ஒவ்வொரு வேளையும் குடிக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை போட்டுப் பாக்கணும். அதுவரைக்கும் எதையும் மாத்தாதீங்க."

*

திரும்பும்போது பேருந்தில் வந்தார்கள். ஓட்டுகிறவன் புதுப் பையன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டியை முன்னே ஒரு குலுக்கு, பின்னே ஒரு குலுக்கு என்று நிறுத்தினான். வேறு ஒரு நாளாக இருந்தால் டிரைவரம்மா வாய்விட்டுத் திட்டியிருப்பாள். இன்று ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"கலக்கறது சரி. குடிக்கறதும் சரி. அப்ப மிச்சம் இருக்கறது நான்தான்" என்றாள்.

"அப்படிச் சொல்லாத."

"வேற எப்படிச் சொல்றது? என் பால்ல சத்தில்லங்க. அவன் வாய் வச்சுப் பாத்துட்டு வேண்டாம்னு தூங்கறான். அவனுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியல."

கணவன் குண்டின் நழுவிய காலுறையை இழுத்துவிட்டான். அவனுக்கு ஆறுதல் சொல்ல வராது. கலங்கினவளுக்கு ஒரு யோசனை சொன்னால் தெளிந்துவிடுவாள் என்று நினைக்கிற ரகம். "திங்கக்கிழமை நீ வேலைக்குப் போயாகணும். இந்தப் புட்டி, எடை, ஆஸ்பத்திரி எல்லாம் அப்பா ஒருத்தரால சமாளிக்க முடியுமா? பேசாம குழந்தைகள் காப்பகத்துல விட்டுடலாமா? அங்க படிச்சவங்க இருப்பாங்க."

"மாமாகிட்ட அதைச் சொல்லிடாதீங்க. உயிரை விட்டுடுவார்."

"சொல்லல. யோசிக்கறேன்."

"நான் முடிவே பண்ணிட்டேன்" என்றாள் டிரைவரம்மா. "இன்னியோட நிறுத்திடறேன். முழுக்க டப்பாவே குடுத்துடலாம். அவனாவது வளரட்டும்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை பெற்ற நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். வேலைக்குப் போனாலும் காலையிலும் இரவிலும் தன் மார்போடு ஒட்டிக்கொள்ள இவன் வேண்டும். அந்த ஆசையைத்தான் இப்போது ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு வந்தாள். அவள் அழுகிறாளா என்று பார்க்கக் கணவனுக்குத் தைரியம் வரவில்லை. தன் கடை இருக்கும் நிறுத்தம் வந்ததும் அவள் தோளை ஒரு முறை அழுத்திவிட்டு இறங்கிப் போனான்.

*

கதவைத் திறந்த பெயிண்டர் முதலில் பேரனைத்தான் பார்த்தார். அப்புறம் மருமகளின் முகத்தை.

"ஏறலியா?"

"சரியா ஏறல மாமா."

"எப்படிம்மா? நான் குடுக்கறதெல்லாம் மடக்கு மடக்குன்னு குடிக்கறானே."

"புட்டியில குறையில்ல மாமா, என்கிட்டதான். இனிமே என் பால் வேண்டாம். நீங்க குடுக்கறதே போதும்."

மருமகள் விஷயத்தில், அதிலும் இந்த விஷயத்தில், என்ன பேசுவது என்று பெயிண்டருக்குக் கூச்சம். "நீ போய்ப் படும்மா. அவன் முழிச்சதும் நான் கொண்டு வரேன்" என்று சமையலறைக்குப் போனார்.

டிரைவரம்மா குண்டைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் படுத்தாள். படுக்க முடியவில்லை. மார்பு கனத்து வலித்தது, சட்டை நனைந்தது. சத்தில்லாத பாலுக்கு இவ்வளவு அவசரம் எதற்கு என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அப்புறம் ஒன்று தோன்றியது. இனி டப்பாதான் என்று ஆகிவிட்டது. பெற்றவளே அதைக் கண்ணால் பார்க்க மாட்டேன் என்று எத்தனை நாள் முறுக்கிக்கொண்டு இருப்பது? எப்படி ஆற்றுவது, எவ்வளவு சூடு இருக்க வேண்டும் என்று கற்றுக்கொள்ளத்தானே வேண்டும். எழுந்து சமையலறைக்குப் போனாள். இந்த ஒரு வாரத்தில் புட்டி தயாராகும் நேரத்தில் அவள் அந்தப் பக்கம் போவது இதுதான் முதல் தடவை.

பெயிண்டர் ஜன்னலோரம் நின்றிருந்தார். கணவன் கலந்து வைத்த புட்டிப் பாலை ஒரு பெரிய கிண்ணத்தில் ஊற்றியிருந்தார். பக்கத்தில் ஃப்ளாஸ்க். அதிலிருந்து சுடுதண்ணீரைக் கிண்ணத்தில் விட்டார். கொஞ்சம் கலக்கினார். கரண்டியைத் தூக்கி, பால் சொட்டுவதை வெளிச்சத்தில் பார்த்தார். திருப்தியில்லாமல் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டார். மறுபடி தூக்கிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்.

"மாமா, என்ன பண்றீங்க?"

"ஆத்தறேன்மா. ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்தது, குளிர் போகணும்ல."

"அந்தத் தண்ணி?"

"காய்ச்சின தண்ணிதான், பயப்படாத." அவர் பால் பதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். "உன் புருஷன் கடையில நிக்கறவன். டப்பாவுல கெட்டியா கலந்து குடுக்கத்தான் அவனுக்குத் தெரியும். சுவத்துல பூசறவனுக்குத்தான் மத்தது தெரியும். புதுச் சுவருக்கு முதல் கோட்டு பெயிண்ட் எப்பவும் தண்ணியா இருக்கணும். அப்பதான் உள்ள இழுக்கும். கெட்டியா அடிச்சா மேலயே நின்னு, நாளைக்கு உரிஞ்சு வந்துடும். இது புது வயிறும்மா. அதான் இளக்கிக் குடுக்கறேன்."

டிரைவரம்மா கிண்ணத்தருகே வந்தாள். "எவ்வளவு ஊத்துவீங்க?"

"அளவெல்லாம் இல்ல. கண் பாத்துச் சொல்லும். சில நாள் பாதிக்குப் பாதி போகும்."

"எல்லா வேளையுமா?"

"பின்ன? ஒரு மாசம் இப்படிப் போகட்டும், அப்புறம் ரெண்டாவது கோட்டு கெட்டியா குடுக்கலாம்னு இருக்கேன். அதிகமா வர்றதை இன்னொரு புட்டியில ஊத்தி வச்சுக்குவேன். நீ குளிக்கறப்ப, கண்ணசரறப்ப அவன் சிணுங்கினா அதைக் குடுத்துடுவேன். உன்னை எதுக்கு எழுப்பணும்."

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை யாரிடமும் சொல்ல முடியாது, ஆனால் அதுதான் உண்மை. குறை தன் பாலில் இல்லை. வயிறு நிறையத் தண்ணீரைக் குடித்துவிட்டு வருகிறவன் தாயிடம் வந்து என்னத்தை இழுப்பான்? அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் பயம் வந்தது. பயத்தோடு கோபமும் வந்தது.

"யாரைக் கேட்டு ஊத்தினீங்க மாமா? அது குழந்தை. சுவர் இல்ல."

வீட்டில் அவள் குரல் அவரிடம் உயர்ந்ததே இல்லை. பெயிண்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். கரண்டி கையிலேயே இருந்தது.

"ஏம்மா? இளக்கினா ஆகாதா?"

"ஆகாது மாமா. அந்த அளவுலதான் சத்தே இருக்கு. நீங்க குடுத்ததுல பாதி வெறும் தண்ணி. அதான் எடை ஏறல."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப ஒரு வாரமா நான் புள்ளையைப் பட்டினி போட்டிருக்கேனா?" என்றார் மெல்ல.

அவள் கிண்ணத்தை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள்.

"கேட்டிருக்கணும்மா. உன்னைத்தான் கேட்டிருக்கணும். நீ அந்த டப்பாப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு சொன்னியா, சரி, பாவம் நொந்துபோயிருக்கா, நாமளே பாத்துக்குவோம்னு இருந்துட்டேன்."

குறை சொல்கிற தொனியே அதில் இல்லை. அதனாலேயே அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. சட்டம் போட்டவள் அவள். ஒரே ஒரு நாள் இந்த வாசலில் வந்து நின்றிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். அவள் கோபம் வந்த வேகத்திலேயே இறங்கிவிட்டது. போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

*

நர்ஸம்மா இடைமறிக்காமல் கேட்டார். பிறகு அடுக்கடுக்காகக் கேள்விகள். கைகால் வெட்டி வெட்டி இழுத்ததா? எழுப்பினால் எழுந்துகொள்கிறானா? உடம்பு துவண்டு கிடக்கிறதா?

"இல்லங்க. காலையில நீங்க பாத்த மாதிரியேதான் இருக்கான்."

"நல்லவேளை. ஆனா தண்ணி அதிகமாப் போனா உடம்புல உப்பு இறங்கிடும், அது ஆபத்து. இன்னிக்கே கூட்டிட்டு வாங்க, ரத்தம் எடுத்துப் பாத்துடலாம். கிளம்பறதுக்கு முன்னாடி தாய்ப்பால் குடுங்க. இனிமே சொட்டுத் தண்ணி சேக்காதீங்க." சற்று நிறுத்தி, "யாரு தண்ணி கலந்தது?" என்று கேட்டார்.

டிரைவரம்மா சமையலறைப் பக்கம் பார்த்தாள். அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. பேருந்தில் கணவன் காப்பகம் என்று சொன்னது காதில் கேட்டது. இது தெரிந்தால் அவன் யோசிப்பதை நிறுத்திவிட்டு முடிவே எடுத்துவிடுவான். பெயிண்டர் கையில் இனி பிள்ளையைக் கொடுக்கவே மாட்டான்.

"நான்தாங்க. நான்தான் தெரியாம ஊத்திட்டேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். வாசலில் கணவன் நின்றிருந்தான். கடையில் இன்று முதல் தடவையாக ஒரு கலர் தப்பாகி, முதலாளியே அவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

"நீயா?" என்றான்.

"ஆமா."

"டப்பாவைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்னு சொன்னியே. அதுல தண்ணி ஊத்தினது நீயா? எதுக்கு?"

வண்டியை எந்தச் சந்துக்குள்ளும் விடுவாள். பொய்யை ஓட்ட அவளுக்கு வராது. "கெட்டியா இருந்துச்சு" என்று மென்று விழுங்கினாள்.

"டேய், அவ பொய் சொல்றா. நான்தான்" என்று சமையலறையிலிருந்து பெயிண்டர் வந்தார்.

"மாமா, நீங்க சும்மா இருங்க."

"நான்தான்டா. இளக்கிக் குடுத்தா நல்லதுன்னு நினைச்சேன்."

"அவர் எனக்காகச் சொல்றாருங்க."

கணவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "இது போட்டி போட்டுக்கிட்டு வாங்கற பரிசா?" என்றான். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே யார் பொய் சொல்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. "தலை தட்டித் தட்டிக் கலந்து வச்சேன்பா" என்றான். கத்தியிருந்தால் தேவலை. சின்னப் பையன் மாதிரி சொன்னான்.

"தெரியும்டா."

"இனிமே யாரை நம்பிக் குழந்தையை விட்டுட்டுப் போவேன், சொல்லுங்க."

உள்ளே குண்டு அழ ஆரம்பித்தான். டிரைவரம்மா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதைச் சொன்னாள். கணவன் எழுந்து, கீழே போய் டாக்ஸி பிடித்துக்கொண்டு வருவதாகப் போனான். போகும்போது அப்பாவின் பக்கம் பார்க்கவில்லை.

*

அறையில் நாற்காலியில் உட்கார்ந்து குண்டை மார்போடு சேர்த்துக்கொண்டாள். பயமாகத்தான் இருந்தது. ஒரு வாரமாக ஒவ்வொரு தடவையும் தோற்றவள்தானே. வாயால் தேடினான், முகத்தை அப்படியும் இப்படியும் உரசினான், பிறகு கப்பென்று பிடித்தான்.

இழுத்தான். விடாமல் இழுத்தான். இன்று முன்னாலேயே புட்டித் தண்ணீர் போகவில்லை, வயிறு காலியாக இருந்தது. விழுங்குகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. அவன் கை அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் உடைந்து அவள் அழுதாள். இன்றோடு நிறுத்திவிடுகிறேன் என்று சொன்னவள் இவள்தான்.

"இழுடா ராஜா" என்றாள். "உன்னோடதுதான் எல்லாம்."

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்கும் சத்தம் பக்கத்து அறையில் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் பெயிண்டர் அறை வாசலுக்கு அந்தப் பக்கம், சுவரோரமாக வந்து நின்றார். பால் கொடுக்கிற நேரத்தில் அவர் உள்ளே வர மாட்டார். பெட்டியோடு அவர் நிழல் மட்டும் தரையில் தெரிந்தது.

"குடிக்கிறானாம்மா?"

"குடிக்கிறான் மாமா. நல்லா குடிக்கிறான்."

"அது போதும்." பெட்டியைக் கை மாற்றிக்கொண்டார். "நான் மக வீட்டுக்குப் போறேன். அவன் டாக்ஸியோட வர்றதுக்குள்ள கிளம்பிடறேன், என் முகத்தைப் பாத்தா அவனுக்கு இன்னும் வேதனை. எனக்காகப் பொய்யெல்லாம் சொன்ன. எந்த மருமகம்மா சொல்லுவா. ஆனா இந்தக் கையை இனிமே நானே நம்ப மாட்டேன்."

"மாமா, நில்லுங்க."

நிழல் நகர்ந்தது. டிரைவரம்மா அவசரமாக எழுந்தாள். எழுந்த குலுக்கலில் குண்டின் பிடி நழுவியது. அவன் வீறிட்டான். ஒரு வாரத்துக்குப் பிறகு கிடைத்ததைப் பிடுங்கிவிட்டார்களே என்கிற அலறல். அவள் மறுபடியும் உட்கார்ந்தாள், அவன் மறுபடியும் பிடித்துக்கொண்டான். விட மாட்டான் என்று தெரிந்தது. இவன் விடக்கூடாதே என்றுதான் இத்தனை நாள் ஏங்கினாள்.

கூடத்தில் செருப்பு போடும் சத்தம்.

"மாமா" என்று உரக்கக் கூப்பிட்டாள். அழுகையில் குரல் உடைந்தது, அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. "யாரை நம்பி விட்டுட்டுப் போறதுன்னு அவர் கேட்டாரில்ல. எனக்கு அப்ப வாய் வரல. உங்களைத்தான் மாமா. தப்புன்னு சொன்னதும் பழியைத் தள்ளிவிடாம, நான்தான்னு முன்னாடி வந்து நின்னீங்களே, உங்களைத்தான் நம்பி விட்டுட்டுப் போவேன். திங்கக்கிழமை காலையில நான் வண்டி எடுக்கணும். புட்டி எப்படிக் கலக்கறதுன்னு நாம ரெண்டு பேரும் சேந்து கத்துக்குவோம். எனக்கும் தெரியாது. நில்லுங்க."

செருப்புச் சத்தம் நின்றது.

கீழே தெருவில் டாக்ஸி ஹாரன் அடித்தது. கணவன் படியேறி வருகிற காலடிச் சத்தம் கேட்டது. வெளிக்கதவுக்கு இந்தப் பக்கம் பெட்டியோடு நிற்கிற பெயிண்டர் என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க வழியில்லாமல், குண்டை அணைத்தபடி டிரைவரம்மா உட்கார்ந்திருந்தாள்.